வஞ்சக மடல்களின் வரலாறு

தோற்றுவாய்

அறிவு பெறும் வாயில்களைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுத்துரைப்பர் சைவசித்தாந்த நூலார். கண்ணாற் கண்டறிவது காட்சி; கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல்; நம்பத்தகுந்தார் கூறக் கேட்டறிவது உரை. இம்மூன்றனுள்ளும் உலக வாழ்க்கையில் நாம் நாடோறும் மிகுதியாகக் கையாள்வது உரையளவையே. நாம் பிறந்த நாளை அறிந்தது தாய் சொல்லக் கேட்டு. கடல் கடந்த நாடுகளின் இயல்பை அறிந்தது நூலோர் எழுதக் கற்று. வங்கியில் நமக்குள்ள பணத்தின் அளவை அறிவது வங்கியார் தரும் கணக்குத் தாளைக் கண்டு. ஆதலின், உரைப்பவன் ஆப்தனா, அஃதாவது உண்மையை உள்ளவாறு அறிந்து, அறிந்தவாறே கூறுபவனா என்னும் வினாவே உரையளவைக்கு உயிர்நிலையாகும்.

நேரில் நின்று பேசுவானுடைய முகமும் குரலும் அவனை ஓரளவு காட்டிக்கொடுக்கும். எழுத்தோ, எழுதினவனை விட்டுப் பிரிந்து தனியே வழிநடப்பது. எழுதியவன் யார் என்பதற்கு அவ்வெழுத்தே சாட்சி என்ற நிலை ஏற்பட்ட நாளிலேயே வஞ்சக மடலும் பிறந்துவிட்டது எனலாம். இன்று மின்னஞ்சல் வழியாகவும் கைத்தொலைபேசிச் செய்தி வழியாகவும் வந்து குடும்பங்களின் சேமிப்பைக் கொள்ளைகொள்ளும் மோசடிகளை இக்காலத்துப் புதுமை என்றே பலரும் கருதுகின்றனர். கருவி புதியது, சூழ்ச்சியோ இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடையது. அதன் வரலாற்றை ஒழுங்காக நோக்கினால், ஒவ்வொரு காலத்தும் வஞ்சகன் தன் இரையிடமிருந்து முதலிற் பறிப்பது பணத்தை அன்று என்பது புலனாகும். அவன் முதலிற் பறிக்கும் பொருள்கள் யாவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எருசலேம் கடிதங்கள்

பிரெஞ்சுப் புரட்சி 1789ஆம் ஆண்டில் மூண்டபின் அந்நாட்டுப் பிரபுக்கள் பலர் உயிருக்கு அஞ்சி அயல்நாடு சென்றனர். சென்றவர்கள் தம் செல்வத்தை மண்ணுள்ளும் நீருள்ளும் மறைத்துப் போயினர் என்ற பேச்சு நாடெங்கும் உலவியது. இப்பேச்சையே முதலாகக் கொண்டு, பாரிசு நகரத்துப் பிசேத்திர் முதலிய சிறைகளில் இருந்த கைதிகள் சிலர் ஒரு தொழில் நடத்தினர். அயலூர்ச் செல்வர்களின் முகவரிகளைத் தேடிப் பெற்று அவர்களுக்குக் கடிதம் வரைந்தனர். எழுதுபவன் தன்னை ஒரு பிரபுவின் பணியாளன் என்பான். தப்பியோடும் வழியில் பொன்னும் வைரமும் நிறைந்த பேழையொன்றை உங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள நீர்நிலையில் எறிய நேர்ந்தது என்பான். அதனை எடுக்கத் திரும்பி வருகையில் அகப்பட்டுச் சிறையிலிருக்கிறேன் என்பான். இடத்தைக் காட்டும் வரைபடம் அடகில் உள்ள பெட்டியில் இருக்கிறது, அதனை மீட்கச் சிறு தொகை வேண்டும் என்பான். இவை 'எருசலேம் கடிதங்கள்' என்ற பெயரால் வழங்கின.

இவற்றை விரிவாக எழுதிவைத்தவர் ஏழேன் பிரான்சுவா விடோக் (1775-1857) என்பவர். தாமே ஒருகாலத்திற் கைதியாக இருந்து, பின்னர்ப் பாரிசுக் காவற்றுறையின் துப்பறியும் பிரிவுக்குத் தலைவரானவர் அவர். ஆகவே இவ்வுலகத்தை உள்ளும் புறமும் அறிந்தவர். நூறு கடிதம் போனால் இருபதுக்குத் தவறாது மறுமொழி வந்தது என்பது அவர் கூற்று. எண்பது பேர் நகைத்துக் கிழித்தெறிந்ததால் வஞ்சகனுக்கு நட்டம் யாதுமில்லை. கடிதத் தொழிலின் கணக்கு இதுவே. பலரும் நம்ப வேண்டுவதில்லை. சிலர் நம்பினாற் போதும்.

டோவர்த் துறையில் வந்த தூதன்

எருசலேம் கடிதம் தனியொருவனை நோக்கியது. ஒரு நகரம் முழுவதையும் ஒரு காலைப்பொழுதில் ஏமாற்றிய நிகழ்ச்சி 1814ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆம் நாள் இங்கிலாந்தில் நடந்தது. நெப்போலியனோடு நிகழ்ந்த போரின் முடிவை மக்கள் நாளும் எதிர்நோக்கியிருந்த காலம் அது. அந்நாள் விடியுமுன்னர், போர்வீரர் உடை அணிந்த ஒருவன் டோவர்த் துறைமுகத்து விடுதிக் கதவைத் தட்டினான். தன் பெயர் கேணல் து பூர்க் என்றும், நெப்போலியன் கொசாக்கு வீரராற் கொல்லப்பட்டான் என்றும், நேச நாட்டுப் படைகள் பாரிசு நகரிற் புகுந்தன என்றும் கூறினான். டீல் துறையிலிருந்த கடற்படைத் தலைவருக்கும் இச்செய்தியை எழுதியனுப்பினான். அங்கிருந்து இலண்டனுக்குச் சைகைக் கோபுரங்கள் வழியாகச் செய்தி விரைந்து செல்லும் என்பது அவன் எண்ணம். அன்று காலை மூடுபனி படர்ந்திருந்தமையாற் கோபுரங்கள் இயங்கவில்லை. ஆயினும் அவன் தன் வண்டியில் இலண்டனை நோக்கி வரும் வழியெல்லாம் செய்தியைப் பரப்பினான். பிரெஞ்சு அதிகாரிகளைப் போல உடுத்த வேறு சிலர் வெள்ளைக் குறியணிந்து நகரத் தெருக்களில் வண்டியேறி வலம் வந்தனர்.

பங்குச் சந்தையில் 'ஓம்னியம்' எனப்பட்ட அரசாங்கக் கடன் பத்திரத்தின் விலை 27½ இலிருந்து ஏறி 30ஐக் கடந்தது. முன்னரே அவற்றை வாங்கி வைத்திருந்த சூழ்ச்சியாளர் அன்றே பத்து இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட பத்திரங்களை விற்று முடித்தனர். பிற்பகல் வரை அரசாங்கத்திலிருந்து உறுதிச் செய்தி வராமையால் விலை மீண்டும் வீழ்ந்தது.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. அன்று வாங்கியவர்கள் அறிவிலிகள் அல்லர், வாணிகத்தில் தேர்ந்தவர்கள். அரசாங்கத்தின் சொல் வரும்வரை சில மணி நேரம் பொறுத்திருந்தாற் போதும், ஒருவரும் ஏமாந்திரார். ஆனால் பொறுத்தவன் பிந்துவான் என்ற அச்சம் அவர்களைப் பொறுக்கவொட்டவில்லை.

இல்லாத நாடு

இதனினும் கொடிய வரலாறு கிரெகர் மக்கிரெகர் என்னும் ஸ்கொத்துலாந்துப் போர்வீரனுடையது. வெனிசூலாவின் விடுதலைப் போரிற் பங்குகொண்ட இவன், 1821ஆம் ஆண்டில் இலண்டன் சேர்ந்து, நடு அமெரிக்காவின் கரையிலுள்ள 'போயாயிசு' என்னும் நாட்டுக்குத் தான் அதிபதி என்று அறிவித்தான். அந்நாட்டின் மண்வளம், நகரம், துறைமுகம் ஆகியவற்றைப் புகழும் பெரிய நூலொன்று 1822இல் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே அந்நாட்டின் பேரால் 200,000 பவுண் கடன் திரட்டப்பட்டது. நிலமும் விற்கப்பட்டது, அந்நாட்டு நாணயத்தாள்களும் அச்சாயின.

சுமார் 250 பேர் இரு கப்பல்களில் ஏறிச் சென்றனர். அவர்கள் இறங்கிய இடத்தில் நகரமுமில்லை, துறையுமில்லை. காடும் சதுப்பும் காய்ச்சலுமே இருந்தன. பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிரித்தானியாவுக்கு மீண்டவர் ஐம்பதின்மருக்கும் குறைவானவர். மீண்டவருள்ளும் சிலர் மக்கிரெகர்மீது குற்றமில்லை என்றே வாதாடினர் என்பது வியப்பைத் தருவது. தன் பொருளையும் சுற்றத்தையும் இழந்தவன், தான் நம்பியது முழுதும் பொய் என்று ஒப்புக்கொள்வது அத்துணை அரிது. மோசடியிற் பணம் அனுப்பியவர், மக்கள் தடுத்துச் சொல்லியும் கேளாமல் மேலும் மேலும் அனுப்புவதற்குக் காரணமும் இதுவே.

ஸ்பானியச் சிறையாளி

எருசலேம் கடிதம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'ஸ்பானியச் சிறையாளி' என்ற பெயரோடு கடல் கடந்தது. ஸ்பெயின் நாட்டுச் சிறையில் வாடும் உயர்குடிப் பிறந்தான் ஒருவன், தொலைவிலுள்ள உறவினர்க்கு எழுதுவதுபோல எழுதுவான். தன் செல்வம் ஒரு பெட்டியின் மறைவறையில் உள்ளது; தனக்குத் தாயில்லாப் பெண்மகள் ஒருத்தி இருக்கிறாள்; தான் இறக்கும் தறுவாயில் இருப்பதால் அவளுக்குக் காப்பாளராகி, செல்வத்தில் ஒரு பங்கைப் பெற்றுக்கொள்க; இதனை எவரிடமும் கூறற்க. 1898ஆம் ஆண்டிலேயே 'நியூயோர்க் டைம்ஸ்' இதனைப் பழைய மோசடி மீண்டும் தலைகாட்டியதென்று எழுதியது. ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் கியூபா காரணமாகப் போர் மூண்ட ஆண்டு அது. நாளிதழில் ஸ்பெயினைப் பற்றிப் படித்தவனுக்கு அக்கடிதம் மெய்போலத் தோன்றியதில் வியப்பில்லை. வஞ்சகன் எப்பொழுதும் அன்றன்றைய செய்தியின் நிழலிலேயே நிற்பான். பெருந்தொற்று வந்தால் மருந்தின் பேராலும், வெள்ளம் வந்தால் நிவாரணத்தின் பேராலும், பொருளாதாரம் தளர்ந்தால் வெளிநாட்டு வேலையின் பேராலும் அவன் மடல் வரும்.

பேராசையே இத்தகைய ஏமாற்றுக்கு வாயில் என்று பலர் கூறுவர். அது பாதி உண்மை. சிறையாளியின் கடிதத்தில் ஆசைக்கு ஒரு பெட்டி இருந்தது. இரக்கத்துக்கு ஒரு பெண்குழந்தை இருந்தாள். ஈரநெஞ்சும் கடமையுணர்ச்சியும் உடையவனே அதனால் மிகுதியும் கவரப்பட்டான். அதனோடு, பெட்டியை மறைவாகக் கடத்துவதற்கு உடன்பட்டவன் பின்னர்க் காவலரிடம் முறையிட நாணினான். அவன் நாணமே வஞ்சகனுக்குக் காவலாயிற்று.

சங்கிலிக் கடிதம்

இனி, பணம் பறிக்கும் ஒருவன் முன்னில்லாமலே மக்களை மக்களே ஏமாற்றும் வகையொன்றைக் காண்பாம். 1935ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு கடிதம் உலவத் தொடங்கியது. அதில் ஆறு பெயர்கள் இருக்கும். முதற்பெயரினர்க்குப் பத்துச் சதம் அனுப்பி, அப்பெயரை நீக்கி, கடைசியில் தன் பெயரைச் சேர்த்து, ஐந்து பேருக்குப் படியெடுத்து அனுப்பவேண்டும். தன் பெயர் முதலிடத்துக்கு வரும்பொழுது 15,625 பேர் அனுப்பும் 1,562 டொலர் 50 சதம் வந்து சேரும் என்பது வாக்குறுதி. நகரத்துத் தபால் நிலையம் கடிதப் பெருக்காற் திணறியது. சில கிழமைகளில் அப்பித்து நாடெங்கும் பரவி, பின் தானே அடங்கிற்று.

மாணவர் இதனைக் கணித்தே தெளியலாம். ஐந்தை ஐந்தாற் பெருக்கிக்கொண்டு போனால் ஆறாம் படியில் 15,625. பதினான்காம் படியில் 610 கோடிக்கு மேல். அக்காலத்து உலக மக்கள்தொகையோ சுமார் 200 கோடி. ஆகவே முன்னர்ச் சேர்ந்த சிலர் பெறுவதெல்லாம் பின்னர்ச் சேர்ந்த பலர் இழப்பதேயாகும். இக்கணக்கை மாற்ற எவராலும் இயலாது. இதே கணக்கின்மேல் எழுந்தவையே இன்று நம் நாட்டில் ஆட்சேர்ப்பின் பேரில் நடக்கும் கூம்பகத் திட்டங்கள். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்தின் திருத்தங்களால் இவை இலங்கையிற் குற்றமாக்கப்பட்டுள்ளன. பணமின்றி அச்சத்தை முதலாகக் கொண்ட சங்கிலிகளும் உண்டு. தெய்வத்தின் பேரைச் சொல்லி, இத்தனை பேருக்கு எழுதாவிடில் கேடு விளையும் என்று வந்த அஞ்சலட்டைகளை நம் ஊர் முதியோர் அறிவர். பத்தியுடையாரின் பத்தியே அவற்றுக்குத் தபாற்காரன் ஆயிற்று.

மின்னஞ்சல் பிறந்த பின்

கணினி வலையமைப்பின் வழியே ஓரிடத்துக் கணினியிலிருந்து மற்றோரிடத்துக் கணினிக்கு மடல் அனுப்பும் முறையை 1971ஆம் ஆண்டில் ரே தொம்லின்சன் என்பவர் அமைத்தார். 1978ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், கணினி விற்பனையாளர் ஒருவர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். வேண்டாத மடல்களுக்கு அதுவே முன்னோடி என்பர். பழைய வஞ்சகனுக்கு நூற்றில் இருபது மறுமொழி வந்தது. செலவின்றி இலட்சக்கணக்கில் அனுப்புபவனுக்கு இலட்சத்தில் ஒன்று கிடைப்பினும் இலாபமே.

1994ஆம் ஆண்டின் இறுதியில் 'குட் டைம்ஸ்' என்ற தலைப்போடு வரும் மடலைத் திறந்தால் கணினி அழியும் என்னும் எச்சரிக்கை பரவியது. அத்தகைய நோய்நிரல் யாதும் இல்லை என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணினிப் பாதுகாப்புக் குழு அவ்வாண்டு டிசம்பரிலேயே அறிவித்தது. ஆயினும் எச்சரிக்கை ஆண்டுக்கணக்கில் உலவிற்று. நோய் இல்லை, நோயைப் பற்றிய எச்சரிக்கையே நோய்போலப் பரவியது. அதனைப் பரப்பியோர் தீயோரல்லர். நண்பர்க்கு நன்மை செய்வதாக நினைத்தோரே. 2002ஆம் ஆண்டில் மற்றொரு மடல், கணினியுள் சிறு கரடிப்பொம்மைச் சின்னமுடைய கோப்பொன்று இருப்பின் அது நோய்நிரல், உடனே அழித்துவிடுக என்றது. அது கணினியின் இயக்கத் தொகுதிக்கு இயல்பாக உரிய கோப்பே. நம்பியோர் தம் கையாலேயே தம் கணினிக்கு ஊறு செய்துகொண்டனர்.

2000ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் பிலிப்பைன்சிலிருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' என்னும் மடலோ உண்மையிலேயே கேடு விளைத்தது. அதனோடு இணைந்துவந்த கோப்பைத் திறந்தவரின் முகவரிப் பட்டியலில் உள்ளார் அனைவர்க்கும் அது தானே படியெடுத்துச் சென்றது. ஆகவே பெற்றவர் கண்ட பெயர் அறியாதவன் பெயரன்று; நண்பர், உறவினர், மேலதிகாரி ஆகியோர் பெயர். ஆப்தன் பெயரே திருடப்பட்டது. அக்காலத்தில் இதனைக் குற்றமாக்கும் சட்டம் பிலிப்பைன்சில் இல்லாமையால் எழுதியவரைத் தண்டிக்க இயலவில்லை. அடுத்த மாதத்திலேதான் அங்குச் சட்டம் இயற்றப்பட்டது. இலங்கையிற் கணினிக் குற்றச் சட்டம் 2007ஆம் ஆண்டில் வந்தது. குற்றம் முன்னும் சட்டம் பின்னுமாகவே செல்வதால், இடைப்பட்ட காலத்தில் மக்களின் விழிப்பே மக்களுக்குக் காவல்.

அயல்நாட்டுக் கடிதமும் வங்கிகளும்

நைசீரிய நாட்டில் 1980ஆம் ஆண்டுகளில் எண்ணெய் விலை வீழ்ந்து வறுமையும் வேலையின்மையும் பெருகியபொழுது, ஸ்பானியச் சிறையாளி அங்கு மறுபிறவி எடுத்தான். இறந்த தளபதியின் பணம், அரசாங்க ஒப்பந்தத்தில் மிஞ்சிய பணம் என்றெல்லாம் தபாலிலும் தொலைநகலிலும் வந்த கடிதங்கள் பின்னர் மின்னஞ்சலுக்கு மாறின. அந்நாட்டுக் குற்றவியற் கோவையின் 419ஆம் பிரிவு பொய்யுரைத்துப் பொருள் பெறுதலைக் குற்றமென்பதால், அவ்வெண்ணே இம்மோசடிக்குப் பெயராயிற்று. இதனைக் கொண்டு ஒரு நாட்டினரைப் பழிப்பது தவறு. இதே கடிதத்தைப் பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் எழுதினர் என்பதை முன்னரே கண்டோம்.

கல்லாதாரே ஏமாறுவர் என்ற எண்ணத்தைப் பிரேசில் நாட்டு நொரோயெஸ்தே வங்கியின் கதை தகர்த்தெறிகிறது. 1995 முதல் 1998 வரை அவ்வங்கியின் உயர் அலுவலர் ஒருவர், அபூசா நகரில் விமான நிலையம் கட்டப்போவதாக நம்பி, வங்கிப் பணம் 242 மில்லியன் டொலரை அனுப்பினார். மறுமுனையில் நைசீரிய மத்திய வங்கியின் ஆளுநர் என்று தம்மைக் கூறிக்கொண்டவர் மோசடிக்காரர். விமான நிலையமும் வெறும் பொய். முதன்மைக் குற்றவாளி 2005ஆம் ஆண்டில் நைசீரிய நீதிமன்றத்திலே தண்டனை பெற்றார். வங்கியோ அதற்குள் வீழ்ந்துவிட்டது.

இம்மடல்கள் பல நம்பத்தகாத கதைகளாக இருப்பது ஏன் என்ற ஐயம் எழலாம். மைக்ரோசொப்ட் நிறுவன ஆராய்ச்சியாளர் கோர்மாக் ஹெர்லி 2012ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விடை கூறினார். மடல் அனுப்புதல் செலவற்றது. மறுமொழி தந்தவரோடு உறவாடுதலே செலவுடையது. ஆகவே ஐயுறுவோர் முதலிலேயே விலகிவிட, எளிதில் நம்புவோர் மட்டுமே எஞ்சும்படி கதையை அமைப்பது வஞ்சகனுக்கு இலாபம் என்பது அவர் கருத்து. நெல்லைத் தூற்றிப் பதரை நீக்குவது போன்றதே இது. இங்கே காற்றில் பறந்து தப்புவோர் அறிவுடையோர்.

நம் நாட்டோடு தொடர்புடைய நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 2015ஆம் ஆண்டில் வங்காளதேச மத்திய வங்கி அலுவலர்க்கு, வேலை வேண்டி விண்ணப்பிப்பார் எழுதியது போன்ற மின்னஞ்சல்கள் வந்தன. அவற்றின் வழியே உட்புகுந்தோர், 2016 பெப்ரவரி தொடக்கத்தில், நியூயோர்க்கிலுள்ள அவ்வங்கியின் கணக்கிலிருந்து சுமார் 951 மில்லியன் டொலரை அகற்றப் போலிக் கட்டளைகள் விடுத்தனர். அவர்கள் நாளைத் தேர்ந்த திறமை கருதத்தக்கது. வெள்ளியும் சனியும் வங்காளதேசத்தில் விடுமுறை. சனியும் ஞாயிறும் நியூயோர்க்கில் விடுமுறை. திங்கள் பிலிப்பைன்சில் சீனப் புத்தாண்டு விடுமுறை. ஒருவரை ஒருவர் கேட்டுத் தெளியும் காலம் முழுவதையும் அவர்கள் களவாடிவிட்டனர். பிலிப்பைன்சுக்குப் போன 81 மில்லியனிற் பெரும்பகுதி மீளவில்லை. இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் பேருக்கு வந்த 20 மில்லியன் மட்டும் தடைப்பட்டு மீண்டது. 'ஃபவுண்டேசன்' என்று எழுதவேண்டிய சொல் 'ஃபண்டேசன்' என்று பிழைபட்டிருந்தமை கண்டு இடைநின்ற வங்கி விளக்கம் கேட்டமை அதற்கு ஒரு காரணம். ஓர் அலுவலர் நின்று வினவிய அந்தச் சிறுபொழுது ஒரு நாட்டின் பணத்தில் ஒரு பகுதியைக் காத்தது.

வஞ்சகனும் அடிமையாதல்

அண்மைக் காலத்தில் இவ்வரலாறு மேலும் துயரமான திருப்பம் அடைந்துள்ளது. மடல் எழுதுபவனே சிறையாளி என்ற பழைய பொய், இன்று சிலவிடத்து மெய்யாகிவிட்டது. தாய்லாந்தில் கணினி வேலை, உயர்ந்த சம்பளம் என்ற இணைய விளம்பரத்தை நம்பிச் சென்ற இளைஞர், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவதி முதலிய இடங்களில் அடைக்கப்பட்டு, அடியுண்டு, பிறரை ஏமாற்றும் செய்திகளை எழுத வற்புறுத்தப்பட்டனர். மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவிற் சுமார் 100,000 பேரும் இவ்வாறு வற்புறுத்தப்படும் நிலையில் இருக்கலாம் என ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. அவ்வாறு அகப்பட்ட இலங்கையர் பலர் 2024ஆம் ஆண்டில் மீட்கப்பட்டனர். நம் கல்லூரிகளிற் கற்று வெளியேறி, வேலை தேடும் இளைஞர்க்கு இது தூரத்துச் செய்தியன்று. போயாயிசு நாட்டுக்குக் கப்பலேறியவர்க்கும் இவர்க்கும் இடையே இருநூறு ஆண்டு உண்டு, வேறுபாடு அதிகமில்லை.

வரலாறு கற்பிப்பது

மேற்கூறிய நிகழ்ச்சிகளை ஒருங்குவைத்து நோக்கின், வஞ்சகன் முதலிற் பறிப்பவை இரண்டு என்பது தெளிவாகும். ஒன்று காலம், மற்றொன்று துணை. விரைந்து செய்க என்று காலத்தைப் பறிக்கிறான். எவரிடமும் கூறற்க என்று துணையைப் பறிக்கிறான். பொறுத்துச் சிந்திக்கவும் பிறரைக் கேட்கவும் வழியற்றவனிடம் பணத்தைப் பறித்தல் பின்னர் எளிது. ஆதலின் காலத்தையும் துணையையும் மீட்டுக்கொள்வதே காப்பு. இதிலிருந்து பிறக்கும் ஒழுக்கங்களைச் சுருங்கக் கூறுதும்.

செய்தி வந்த வழியை விட்டு வேறு வழியால் அதனை வினாவுதல் முதலாவது. வங்கியின் பேரால் மடல் வந்தால், அதிலுள்ள இணைப்பை அழுத்தாமலும் அதிலுள்ள எண்ணை அழைக்காமலும், சேமிப்புப் புத்தகத்தில் அல்லது வங்கி அட்டையில் அச்சிட்டுள்ள எண்ணை அழைத்துக் கேட்டல் வேண்டும். மகன் குரலிற் பணம் கேட்டு அழைப்பு வந்தாலும், அதனை நிறுத்தி, அவனுடைய பழைய எண்ணுக்கு நாமே அழைத்தல் வேண்டும். குரலையும் இன்று பொறியாற் போலியாக ஆக்கலாம். எழுத்துப் பிழை கண்டு மோசடியை அறிந்த காலமும் கழிந்து வருகிறது. செயற்கை நுண்ணறிவின் துணையாற் பிழையற்ற தமிழிலும் இப்பொழுது பொய்ம்மடல் எழுதலாம். ஆகவே பிழை இருப்பின் ஐயுறுக. பிழை இல்லை என்பதனால் நம்பற்க.

கடவுச்சொல்லையும், தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியெண்ணையும் எவர் கேட்பினும் கொடாதிருத்தல் இரண்டாவது. உண்மையான வங்கியார் இவற்றைக் கேட்பதில்லை. கேட்பவர் நண்பர் பெயரில் இருப்பினும், அவர் கணக்கே பிறர் கைப்பட்டிருக்கலாம். பணம் பெறுவதற்கு முன் பணம் கட்டச் சொல்லும் எதனையும் விலக்குதல் மூன்றாவது. பரிசு, மரபுரிமைச் செல்வம், கடன் என எப்பெயர் பெறினும் அஃது எருசலேம் கடிதமே. வெளிநாட்டு வேலை எனின், அனுப்புவார் அனுமதிப்பத்திரம் உடையவரா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் கேட்டறிந்த பின்னரே புறப்படுதல் நான்காவது. உண்மை தெரியாத எச்சரிக்கையையும் உருக்கமான வேண்டுகோளையும் பிறர்க்கு அனுப்பாதிருத்தல் ஐந்தாவது. நாம் அனுப்பும் செய்திக்கு நம் பெயரே சான்றாகிறது; நம் நற்பெயரைப் பொய்க்கு வாகனமாகக் கொடுத்தல் ஆகாது.

முடிவுரை

ஏமாந்தபின் செய்யவேண்டுவது ஒன்று எஞ்சியுள்ளது. அது வாய் திறத்தல். உடனே வங்கிக்கு அறிவித்தால் பணம் இடைவழியில் நிறுத்தப்படவும் கூடும். பின்னர்ப் பொலிசாருக்கும், 'சிறிலங்கா சேர்ட்' என்னும் கணினிப் பாதுகாப்பு அமைப்புக்கும் முறையிடலாம். ஆயினும் பலரும் வெட்கத்தால் வாய்மூடி இருந்துவிடுகின்றனர். ஓய்வூதியப் பணத்தை இழந்த ஆசிரியர் தம் மாணவர்முன் அதனைச் சொல்ல நாணுவார். மகள் அனுப்பிய பணத்தை இழந்த தாய் மகளிடமே மறைப்பாள். சிறையாளியின் கடிதத்தை இரு நூற்றாண்டு வாழவைத்தது இந்த மௌனமே. இழந்தவனைப் பார்த்து நகைக்கும் சமுதாயம் வஞ்சகனுக்கு வேலி கட்டுகிறது. இலண்டன் வணிகரும் பிரேசில் வங்கியாளரும் ஏமாந்த வரலாற்றைக் கற்றவர், ஏமாந்த அயலானை மூடன் என்னார்.

யாரை எவ்வாறு ஆராய்ந்து நம்புவது என்பதற்குத் திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். அவர் கூறிய ஆராய்ச்சி அரசர்க்கு மட்டும் உரியதாயிருந்த காலம் போயிற்று. கையிலே தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவர் வாயிலிலும் இன்று நாள்தோறும் தூதர் வந்து நிற்கின்றனர். ஆகவே உரையளவையைச் சமயபாடத்தில் மனனஞ் செய்யும் மாணவன், வீடு சென்று தன் பாட்டியின் தொலைபேசிக்கு வந்த செய்தியை அவளோடு சேர்ந்திருந்து வாசித்து, இதனை உரைத்தவன் யார் என்று வினவுவானாயின், அவன் கற்ற கல்வி பயன் தந்ததாகும். அவளுக்கு அவன் அளிப்பவை காலமும் துணையும் ஆகும். வஞ்சகன் பறிக்க நினைத்தவையும் அவையே.